என்சலூட்டமைடு கேப்சூல்: ஹார்மோனை விட்டு ஏற்பியைப் பிடிக்கும் மருந்து

பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்காக என் தந்தை என்சலூட்டமைடு கேப்சூல்களை எடுத்துக்கொண்டு வருகிறார். மருந்துக் கடையில் வாங்கி வருவது, வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பது, ரத்த அழுத்தத்தைக் குறித்து வைப்பது, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கேட்டு வருவது ஆகியவை எல்லாம் என் பொறுப்பில் இருப்பதால், இந்த மருந்தைப் பற்றி ஒரு வீட்டாரின் பார்வையில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து மிக நல்ல மருந்து. அது நோயாளியின் கைக்கு வந்து சேரும் விதம்தான் குறைபாடு உடையது. "தினமும் நான்கு, ஒரே வேளை" என்ற ஒற்றை வரியோடு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய மருந்து அல்ல இது. உடலில் எந்த இடத்தை இது பிடிக்கிறது என்று தெரிந்தால்தான், இதோடு போடப்படும் ஹார்மோன் குறைப்பு ஊசியை ஏன் நிறுத்தக்கூடாது, ரத்தப் பரிசோதனையில் வரும் பி.எஸ்.ஏ. எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம், முன்பு நன்றாக நடந்தவர் இப்போது ஏன் தடுமாறுகிறார் என்பவை எல்லாம் விளங்கும்.

புராஸ்டேட் செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. பெரும்பாலும் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தின் வழியே வந்து, செல்லுக்குள் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற இன்னும் வலிய வடிவத்துக்கு மாறி, அந்த ஏற்பியோடு சேர்கிறது. சேர்ந்ததும் ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களைப் பற்றிக்கொண்டு, செல் பிழைக்கவும் பெருகவும் வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது. ரத்தப் பரிசோதனையில் நாம் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதமும் இதே ஏற்பி இடும் கட்டளையால் உருவாவதுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் இது மிகவும் தேவைப்படும்.

ஹார்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்பதை 1941இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். அதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. விரைகளை அறுவை சிகிச்சையால் அகற்றுவது அன்றைய வழி. செலவு குறைவு என்பதால் இன்றும் நம் நாட்டில் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றொரு வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் லூப்ரோலைடு போன்ற ஊசி. அந்த ஊசி வேலை செய்யும் இடமும் ஓர் ஏற்பிதான். ஆனால் அது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கும் வேறோர் ஏற்பி. ஊசி மருந்து அதை ஓய்வின்றித் தூண்டிக்கொண்டே இருப்பதால், சில வாரங்களில் அந்த ஏற்பி களைத்து அடங்கி, விரைகளுக்குச் செல்லும் கட்டளை நின்று, டெஸ்டோஸ்டிரோன் வற்றிவிடுகிறது. அடங்குவதற்கு முன் முதல் ஓரிரு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்பதால்தான் அப்பாவுக்கு முதல் ஊசிக்கு முன்பே, ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் பழைய மருந்தான பைகலூட்டமைடு மாத்திரையைத் தொடங்கினார்கள். முதுகெலும்பில் நோய் இருப்பவர்களுக்கு இந்த முன்னெச்சரிக்கை மிக முக்கியம். இல்லையென்றால் அந்த ஏற்றத்தில் வலி கூடுவதோடு, தண்டுவடம் அழுத்தப்படும் அபாயமும் உண்டு.

ஹார்மோன் வற்றிய பின்னும் நோய் திரும்பி வருவது ஏன் என்ற கேள்விக்குக் கிடைத்த விடையில்தான் என்சலூட்டமைடு பிறந்தது. அமெரிக்காவில் சார்லஸ் சாயர்ஸின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சையை மீறி வளரும் செல்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் எண்ணிக்கை கூடியிருப்பதைக் காட்டியது. ஏற்பிகள் பெருகிவிட்டால் மிகச் சிறிதளவு ஹார்மோனே போதும். அந்தச் சிறிதளவை அட்ரினல் சுரப்பிகளும், சில வேளைகளில் புற்றுநோய்த் திசுவுமே உண்டாக்கிக்கொள்கின்றன. அதைவிட வியப்பான செய்தி ஒன்றும் வெளிவந்தது. ஏற்பியைத் தடுப்பதற்காகக் கொடுத்த பைகலூட்டமைடு, ஏற்பி மிகுந்த செல்களில் அதைத் தூண்டும் மருந்தாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் பழைய மருந்துகளை வெறுமனே நிறுத்தினாலே சிலருக்குப் பி.எஸ்.ஏ. இறங்குவதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். எனவே, ஏற்பி எவ்வளவு பெருகினாலும் தூண்டாமல் தடுக்க மட்டுமே செய்யும் ஒரு மூலக்கூறு தேவைப்பட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் வேதியியலாளர் மைக்கேல் ஜங், சாயர்ஸோடு சேர்ந்து, ஏறத்தாழ 200 சேர்மங்களை உருவாக்கிச் சோதித்ததில் தேறியது இது. 2009இல் ஆய்வு வெளியானது. 2012 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. பைகலூட்டமைடைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஏற்பியைப் பிடிப்பதோடு, ஏற்பி உட்கருவுக்குள் நுழைவதையும், டி.என்.ஏ.வைப் பற்றுவதையும் இது தடுக்கிறது. ஒரே வேலையை மூன்று படிகளில் மறிக்கும் இந்தத் திட்டமிட்ட வடிவமைப்பின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

ஆய்வு முடிவுகளும் அந்த மதிப்புக்கு ஏற்றவையே. கீமோதெரபி எடுத்த பிறகும் நோய் வளர்ந்த 1,199 பேரிடம் நடந்த அஃபர்ம் ஆய்வில், போலி மருந்து (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்துச்சத்து இல்லாத கேப்சூல்) எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 13.6 மாதமாகவும், என்சலூட்டமைடு எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 18.4 மாதமாகவும் இருந்தது. கீமோவுக்கு முன்பே கொடுத்துப் பார்த்த பிரிவெய்ல் ஆய்வு 2014இல் வெளியானபோது, ஸ்கேனில் நோய் வளரும் அல்லது உயிரிழக்கும் அபாயம் 81 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. ஹார்மோன் சிகிச்சைக்கு இன்னும் கட்டுப்படும் நிலையிலேயே தொடங்கிய என்சாமெட் ஆய்வில், மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் பழைய முறையில் 72 சதவீதம், இந்த மருந்தில் 80 சதவீதம். தொடக்கத்தில் கடைசிக் கட்டத்துக்கு என்று வந்த மருந்து, ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்து, இன்று பரவிய நோய் கண்டறியப்பட்ட உடனேயே ஊசியோடு சேர்த்துத் தொடங்கப்படுகிறது. அப்பாவுக்கும் அவ்வாறே தொடங்கினார்கள்.

எங்கள் வீட்டில் எழுந்த முதல் குழப்பம் ஊசியைப் பற்றியது. பி.எஸ்.ஏ. மூன்றிலக்கத்தில் இருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியதும், "இவ்வளவு விலையுள்ள மாத்திரை இருக்கும்போது ஊசி வேறு எதற்கு?" என்று சித்தப்பா கேட்டார், அப்பாவுக்கும் அந்த எண்ணம் இருந்தது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: "ஐயா, ஊசி கூட்டத்தைக் குறைக்கிறது, கேப்சூல் வாசலை அடைக்கிறது. ஊசியை விட்டால் கூட்டம் பெருத்து வாசலில் தள்ளுமுள்ளு வரும்." இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. என்சலூட்டமைடு டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை. ஏற்பியில் இடம் பிடிக்க அதனோடு போட்டியிடுகிறது. ஊசி இல்லாமல் இதைத் தனியாக எடுத்தால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயரவே செய்யும். குறிப்பிட்ட சில நிலைகளில் இதைத் தனியாகக் கொடுக்கும் முறை 2023இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பின் ஏற்கப்பட்டிருக்கிறது என்றாலும், நோய் பரவியவர்கள் தாங்களாகவே ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு அது நியாயம் ஆகாது. மருந்துக் கடையில் கேப்சூலைக் கொடுக்கும்போதே, "ஊசி எப்போது போட்டீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்; நாங்கள் வாங்கிய எந்தக் கடையிலும் அந்தக் கேள்வி வரவில்லை.

இனிப் பொருளைப் பற்றி. ஒரு கேப்சூல் 40 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 160. உள்ளே திரவம் நிரம்பிய, மென்மையான, நீள்வட்டக் கேப்சூல் அது. பார்த்தவுடன் பெரியது என்று தோன்றும். உடைக்கவோ மெல்லவோ கரைக்கவோ கூடாது என்பதால், விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு நான்கையும் விழுங்குவது ஒரு வேலையாகவே ஆகிவிடுகிறது. அப்பா முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, தலையை லேசாக முன்பக்கம் சாய்த்து, ஒவ்வொன்றாக விழுங்குவார். தலையை அண்ணாந்து விழுங்கியபோது கேப்சூல் தொண்டையில் நின்றது. கோடையில் டப்பாவைச் சன்னல் பக்கமோ அடுப்படியிலோ வைத்தால் கேப்சூல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. வீட்டின் உள்ளறை அலமாரிக்கு மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. உணவுக்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஒரு வேளை மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். நாள் முழுதும் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான அளவு மட்டுமே, இரட்டிப்பாக்கக் கூடாது. மருந்தின் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறத்தாழ ஆறு நாள் ஆகும் என்பதால் ஒரு நாள் தவறியதற்காகப் பதற வேண்டியதில்லை.

பக்கவிளைவுகளில் முதலில் நிற்பது சோர்வு. வழக்கமான அலுப்பு என்று அதைச் சொல்ல முடியாது; காலையில் செய்தித்தாளை விரித்து வைத்தவர் இரண்டாம் பக்கம் திருப்பாமலே உட்கார்ந்திருக்கும் அளவுக்கான சோர்வு. மருந்தைக் காலையில் இருந்து இரவுக்கு மாற்றிக்கொள்ள மருத்துவர் இசைந்த பின் பகல் சற்றுத் தெளிந்தது. ரத்த அழுத்தம் ஏறுவதும் இதில் அறியப்பட்ட விளைவு. அப்பாவுக்கு அதற்கான மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. திடீரென உடல் சூடேறி வியர்த்துக் கொட்டுவது ஊசியிலேயே தொடங்கியது. கேப்சூல் வந்த பின் இன்னும் அடிக்கடி வருகிறது.

ஆனால் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது கீழே விழுவதைப் பற்றி. ஆண்ட்ரோஜன் ஏற்பி புராஸ்டேட்டில் மட்டும் இருப்பதன்று. தசையிலும் எலும்பிலும் மூளையிலும் இருக்கிறது. ஊசி ஹார்மோனை வற்றச் செய்கிறது. எஞ்சியதையும் ஏற்பி பெறாதபடி கேப்சூல் மறிக்கிறது. விளைவாகத் தொடைத் தசை மெலிகிறது, எலும்பின் அடர்த்தி குறைகிறது, போதாக்குறைக்குச் சோர்வும் தலைசுற்றலும் சேர்கின்றன. போலி மருந்து எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்கள் விழுவதும், எலும்பு முறிவு அடைவதும் ஏறத்தாழ இரு மடங்கு என்று மருந்தின் தகவல் குறிப்பிலேயே இருக்கிறது. அப்பா குளியலறையில் ஒருமுறை சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிய பிறகுதான், இப்படி ஓர் எச்சரிக்கை இருப்பதையே ஒரு செவிலியர் வாய்வழியாக நாங்கள் கேட்டோம். மருந்து தொடங்கிய நாளில் யாரும் சொல்லவில்லை. அதன் பின் குளியலறையில் பிடிமானக் கம்பி வைத்தோம், இரவு விளக்குப் போட்டோம், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்து அதற்கான சிகிச்சையும் தொடங்கியது. நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். முதுமையில் இருப்பவருக்கு இந்த மருந்தை எழுதும் அன்றே இவற்றையும் எழுதிக் கொடுப்பது முறை.

வலிப்பு வரும் வாய்ப்பு நூறில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் முன்பு வலிப்பு வந்தவர்களும், பக்கவாதமோ தலையில் பலத்த காயமோ கண்டவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மருந்து மூளைக்குள் செல்லக்கூடியது.

மற்ற மருந்துகளோடு இது நடந்துகொள்ளும் விதம் தனியாகக் கவனிக்க வேண்டியது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்களை என்சலூட்டமைடு பெருக்கிவிடுகிறது. அதனால் கூடவே எடுக்கும் பல மருந்துகள் முழு வேலையைச் செய்யும் முன்பே கரைந்துபோகின்றன. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வயிற்றெரிச்சலுக்கு நம் வீடுகளில் கணக்கின்றி விழுங்கப்படும் ஒமெப்ரசோல் ஆகிய இரண்டின் அளவும் ரத்தத்தில் பாதிக்கும் கீழே இறங்குவது நிறுவப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளுக்கும், இதயத் துடிப்புக் கோளாறு உடையவர்கள் எடுக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மருந்துகளுக்கும் இந்தக் கவலை உண்டு. புராஸ்டேட் நோயாளிகளில் பலர் இதய நோயும் உள்ளவர்கள். இதய மருத்துவர் ஒரு மருத்துவமனையிலும் புற்றுநோய் மருத்துவர் வேறொன்றிலும் இருக்கும்போது இருவரின் சீட்டையும் ஒன்றாகப் பார்ப்பவர் யாரும் இல்லாமல் போகிறது. அப்பா எடுக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து, வைட்டமின் மாத்திரை உட்பட, ஒரே தாளில் எழுதி இரு இடத்துக்கும் கொண்டுசெல்வது என் வழக்கம். நான் பரிந்துரைக்கும் பழக்கங்களில் இதுவே மிகவும் பயன் தந்தது.

இதே வேலைக்கு வேறு மருந்துகளும் உண்டு. அபிராட்டிரோன் ஏற்பியைத் தொடாமல், அட்ரினலிலும் புற்றுநோய்த் திசுவிலும் ஹார்மோன் உருவாவதையே தடுக்கிறது. விலையில் பெரும்பாலும் அதுவே குறைவு. 2019 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், கூடவே பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டும் தேவை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் ஸ்டீராய்டைத் தவிர்க்க விரும்பியே மருத்துவர் என்சலூட்டமைடைத் தேர்ந்தார். கல்லீரலோ பொட்டாசியமோ சிக்கலாக இருப்பவர்களுக்கும் இதே எண்ணம் எழும். வலிப்பு அல்லது அடிக்கடி விழும் வரலாறு உள்ளவருக்கு அபிராட்டிரோன் பொருந்தும். ஏற்பியையே குறிவைக்கும் மற்ற இரண்டில், அபலூட்டமைடுக்குத் தோல் தடிப்பு ஒரு தொல்லை. டரோலூட்டமைடு மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்வதால் சோர்வும் தடுமாற்றமும் குறைவு என்பது அதன் பெரிய பலம், ஆனால் நாளைக்கு இரு வேளை உணவோடு எடுக்க வேண்டும். பணம் தடை இல்லை என்றால், எண்பதைத் தாண்டிய, நடையில் தள்ளாட்டம் உள்ள ஒருவருக்கு டரோலூட்டமைடைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கவே சொல்வேன்.

விலையைப் பொறுத்தவரை நம் நாட்டு நோயாளிகளுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2016 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அதன் பின் இந்திய நிறுவனங்கள் பல இதைத் தயாரிக்கின்றன. அமெரிக்காவில் அதே ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகமும் கண்டுபிடிப்பாளர்களும் தங்கள் உரிமப் பங்கை நூறு கோடி டாலருக்கும் மேல் விற்றார்கள் என்பதை நினைத்தால், இங்கே அந்தக் கதவு அடைபடாமல் போனதன் அருமை புரியும். ஆயினும் டப்பாவில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலைக்கும் கடைக்காரர் உண்மையில் கொடுக்கும் விலைக்கும் இடையே நாங்கள் கண்ட வேறுபாடு மலைக்க வைக்கிறது. ஒரு மருத்துவமனை வளாகக் கடையில் அச்சிட்ட விலையையே கேட்டார்கள். புற்றுநோய் மருந்துகளை மொத்தமாக விற்கும் வெளிக்கடை ஒன்றில் அதே நிறுவனத்தின் அதே கேப்சூல் அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்தது. வாங்கும் முன் மூன்று இடங்களில் விசாரிப்பது நலம்; பில்லும் தொகுதி எண்ணும் இல்லாமல் மட்டும் வாங்கக் கூடாது.

பி.எஸ்.ஏ.வை நம்பும் அளவு பற்றி முன்பு தொட்டுவைத்ததை இங்கே முடிக்க வேண்டும். பி.எஸ்.ஏ. ஏற்பியின் கட்டளையால் உருவாவது என்பதால், ஏற்பி மறிக்கப்பட்டதும் அந்த எண் இறங்குகிறது. ஏற்பி அடங்கியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஏற்பியைச் சாராமல் வளரத் தொடங்கிய செல்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிரிவெய்ல் ஆய்வின் தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, ஸ்கேனில் நோய் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பி.எஸ்.ஏ. ஏறவே இல்லை என்று தெரிந்தது. ஆகவே எண் நன்றாக இருக்கிறது என்று எலும்பு ஸ்கேனையும் சி.டி. ஸ்கேனையும் தள்ளிப்போடுவது தவறு. புதிதாக ஓர் இடத்தில் வலி வந்தால், பி.எஸ்.ஏ. எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்த மருந்தையும் நோய் ஒருநாள் மீறக்கூடும். ஹார்மோன் வந்து சேரும் பகுதியே இல்லாத ஏற்பி வடிவங்கள் சில செல்களில் தோன்றுகின்றன, அவற்றில் ஏ.ஆர்.வி.7 என்பது, என்சலூட்டமைடும் அபிராட்டிரோனும் பலன் தராமையோடு தொடர்புடையது என்று 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிடிப்பதற்கான இடமே இல்லாத ஏற்பியை, அந்த இடத்தைப் பிடித்து வேலை செய்யும் இத்தகைய மருந்துகள் மறிக்க இயலாது. அந்நிலையில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றுக்கு மாறுவது, குறிப்பாக என்சலூட்டமைடுக்குப் பின் அபிராட்டிரோனுக்கு மாறுவது, மிகச் சிலருக்கே பயன் தருகிறது. கீமோதெரபி போன்ற வேறு வழிகளைப் பற்றி அப்போது பேச வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்திருப்பதால் எங்களுக்கு அச்சம் கூடவில்லை, குறைந்தது.

தயாரிப்பாளர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க இயலாத ஆங்கிலத் தாளோடு, தமிழில் அரைப்பக்கம் பெரிய எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ஊசியை நிறுத்தாதீர்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்த அழுத்தத்தை அடிக்கடி பாருங்கள், எடுக்கும் மற்ற மருந்துகளை எல்லாம் மருத்துவரிடம் காட்டுங்கள், வலிப்பு வந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்ற ஐந்து வரிகள் அதில் இருந்தால் போதும். மருந்துக்கு நான் ஐந்தில் நாலரை கொடுப்பேன். அது வந்து சேரும் விதத்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.